பான்கேக் செவ்வாய்

விவேக் நகர்,
20 ஜனவரி 2026

உதயா,

உறையின் மேல் மடத்தில் உனக்கு வைத்த பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால்தான் உள்ளே விடுவார்களாம். கடிதத்துக்குள் எனக்கு நீ உதயாதான்.

இது சமாதானக் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவை அடக்கம் செய்த பிறகு நீ எழுதியதெல்லாம் வந்தது. பிரிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அம்மா செய்யும் பான்கேக்கை எப்படிச் செய்வது?

கேட்பது அப்பாவுக்காக. அம்மா போனதிலிருந்து அவர் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. டீ வைத்தால் குடிப்பார். சோறு போட்டால் நாலு வாய் தின்றுவிட்டுக் கை கழுவுவார். டிவி ஓடும், பார்க்க மாட்டார். போன வாரம் நான் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "செவ்வாக்கெழம பான்கேக் செய்வியா?" என்றார். எந்தச் செவ்வாய் என்று விளங்கவில்லை. பிறகு கோவில் காலண்டரைப் பார்த்தேன். பிப்ரவரி பதினெட்டு விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். அதற்கு முதல் நாளைச் சொல்கிறார்.

"செய்யறேன்ப்பா" என்று சொல்லிவிட்டேன். இத்தனை மாதத்தில் அவர் கேட்ட ஒரே விஷயம் இது. இதையும் சரியாகச் செய்து கொடுக்காவிட்டால் இனி எதையும் கேட்க மாட்டார் என்று பயமாக இருக்கிறது.

உனக்குத் தெரியும், அன்றைக்கு எனக்கு அடுப்படியில் இடம் கிடையாது. தவக்காலம் தொடங்கினால் ஈஸ்டர் வரை வீட்டில் முட்டை, வெண்ணெய் தொடக்கூடாது என்று அம்மா எல்லாவற்றையும் ஒரே நாளில் பான்கேக்காகச் சுட்டுத் தீர்ப்பாள். தட்டைத் தூக்கிக்கொண்டு சந்து முழுக்க வீடு வீடாக ஓடுவது என் வேலை. அடுப்புப் பக்கம் நின்றவள் நீ. அம்மாவின் அளவு உன் கண்ணில்தான் இருக்கிறது.

போனில் வீடியோ பார்த்து ஒருதரம் செய்தேன். பக்கத்து வீட்டு டிரேவர் அங்கிளுக்குக் கொடுத்தேன். "மெர்சி, சப்பாத்தி வெரி நைஸ்" என்றார். கடையில் விற்கும் பாக்கெட் மாவு வாங்கிக் கரைத்தேன். அது எழும்பியது. ஆனால் அப்பா விரலால் தட்டைத் தள்ளிவிட்டார். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று என்னைக் கேட்காதே. எனக்கு ருசி தெரிவதில்லை. உப்புகூடத் தெரிவதில்லை. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பசியும் கிடையாது. நேரம் வந்தால் சாப்பிடுகிறேன்.

அப்பா இன்னொன்றும் செய்கிறார். அம்மாவின் சிவப்பு மூடி டப்பாவைத் தினமும் கழுவி மதில் மேல் கவிழ்த்து வெயிலில் வைக்கிறார். அதில் அழுக்கும் இல்லை, பண்டமும் இல்லை. துக்கத்தை ஒருவர் எப்படியாவது கழிக்க வேண்டுமே என்று நான் ஒன்றும் கேட்பதில்லை.

அளவை மட்டும் எழுது. செபம், ஆறுதல், ஆண்டவரின் சித்தம் எதுவும் வேண்டாம்.

மெர்சி


மடம், கனகபுரா சாலை,
27 ஜனவரி

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் நின்றுகொண்டே படித்தேன். நீ வேண்டாம் என்றதை எழுத மாட்டேன். எங்கள் கடிதம் ஒட்டாமல்தான் மடத்துத் தலைவியான மதரின் மேசைக்குப் போகும், உனக்குத் தெரியும். இந்தத் தரம் மதரும் மைதா அளவைப் படிக்கட்டும்.

இங்கேயும் எனக்கு அடுப்படிதான். பூசையில் நாக்கில் வைக்கும் அப்பம், ஓஸ்தி சுடுகிறேன். கோதுமை மாவு, தண்ணீர், அவ்வளவுதான். உப்புகூடக் கிடையாது. இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் ஊற்றி அழுத்தினால் காகிதம் போல வரும். எங்கேயாவது கொஞ்சம் உப்பிவிட்டால் அதைக் கழித்துவிடுவோம். எட்டு வருஷமாக எழும்பாமல் சுடக் கற்றவளிடம் எழும்புவதைப் பற்றிக் கேட்கிறாய். அம்மா இருந்தால் சிரித்திருப்பாள்.

அளவு சொல்கிறேன். விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் இன்னும் இருக்கிறதா? அதில் தலை தட்டி இரண்டு மைதா. பேக்கிங் பவுடர் சின்ன ஸ்பூனில் மூன்று. சர்க்கரை ஒரு பெரிய ஸ்பூன். உப்பு இரண்டு சிட்டிகை. எல்லாவற்றையும் சேர்த்துச் சலித்துவிடு. ஒன்றரை டம்ளர் பாலில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து வை. திரிந்தால் பயப்படாதே, திரியத்தான் வேண்டும். இரண்டு முட்டை உடைத்து மஞ்சளைப் பாலில் கலந்துவிடு. வெள்ளையைத் தனியாக எடுத்து நுரைத்து நிற்கும் வரை அடி. இரண்டு பெரிய ஸ்பூன் வெண்ணெயை உருக்கிப் பாலில் ஊற்று. பாலை மாவில் விட்டுக் கலந்து, கடைசியில் அந்த நுரையைக் கையாலேயே மெதுவாக மடித்துவிடு.

தடித்த தோசைக்கல், சின்னத் தீ, மேலே மூடி. ஓரம் காய்ந்து, மேலே சின்னச் சின்னக் கண்ணாகத் திறக்கும். திறந்த கண் மூடாமல் நின்றால் திருப்பு. அதற்கு முன்னால் தொடாதே. அம்மா கரண்டியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பாள், கை சும்மா இருக்காது என்று.

வருஷா வருஷம் அந்தச் செவ்வாய் மத்தியானம் எனக்கும் ஒரு டப்பா வந்துவிடும். நுழைவாயில் சுவரில் ஒரு மரச் சுழல் பெட்டி இருக்குமே, நீயும் அம்மாவும் கோவில் வேனில் வந்தபோது பார்த்திருக்கிறீர்கள். வெளியே வைத்துச் சுற்றினால் உள்ளே வரும், யார் முகமும் தெரியாது. அம்மா யார் கையில் கொடுத்து அனுப்பினாள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் யார் என்று இங்கே கேட்கும் வழக்கமில்லை. நாங்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிய்த்துச் சாப்பிடுவோம். ஆறிப்போயும் மெத்தென்று இருக்கும்.

நீ கேட்காததற்கு நான் பதில் எழுதவில்லை. கேட்டால் எழுதுகிறேன்.

உதயா


விவேக் நகர்,
1 பிப்ரவரி

உதயா,

நீ சொன்னபடியே செய்தேன். ரப்பர் செருப்பு மாதிரி வந்தது.

நேற்று சாயங்காலமே மாவைக் கரைத்தேன். கையால் கரைத்தால் கட்டி கட்டியாக நின்றது. மிக்சியில் போட்டு ஒரு சுற்று விட்டேன், ஒரு கட்டி இல்லாமல் வழவழவென்று ஆனது. மூடி, ஸ்டவ் பக்கத்தில் சூடான மூலையாகப் பார்த்து வைத்தேன். காலையில் பூசைக்குப் போய் வந்து திறந்தால் பொங்கவே இல்லை. மேலே தண்ணீர் நின்றது. பேக்கிங் பவுடர் புதிதாக வாங்கவில்லை. அம்மாவின் அலமாரியில், அவள் வைத்த இடத்திலேயே டப்பா இருந்தது. அவள் கை பட்டதாக இருக்கட்டும் என்று அதையே போட்டேன்.

அப்பா தட்டைப் பார்த்தார். ஒன்றை எடுத்து ஓரத்தை மடக்கிப் பார்த்தார். வைத்துவிட்டு டப்பா கழுவப் போய்விட்டார்.

அம்மா உனக்கு அனுப்பினாள் என்பதே எனக்குத் தெரியாது. வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து நான் அந்த நாளில் டூட்டியில்தான் இருப்பேன். கோவில் வேனில் யாரிடமாவது கொடுத்திருப்பாள். பரவாயில்லை, உனக்கு வந்தது.

கேட்டால் எழுதுகிறேன் என்கிறாய். நான் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கோவிலில் அம்மாவின் பெட்டியை மூடப் போனார்கள். அப்பா கையை நீட்டித் தடுத்தார். "கொஞ்சம் பொறுங்க. உதயா வரும்" என்றார். பொறுத்தார்கள். ஃபாதர் புத்தகத்தை மூடி மறுபடி திறந்தார். நீ வரமாட்டாய் என்று உன் மடத்திலிருந்து காலையிலேயே எனக்குப் போன் வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ஆட்டோ வந்து நின்றது. அப்பா ஓர் அடி முன்னால் வைத்தார். என் மேனேஜர் பத்ரிநாத் மாலையோடு இறங்கினார். "செரி, மூடுங்க" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் உருப்படியாகப் பேசியது இந்தப் பான்கேக் பேச்சுதான்.

சின்னவள் எங்கே என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் நான்தான் பதில் சொன்னேன். சில நாளில் வேலைக்கும் போய்விட்டேன். என் வேலை உனக்குத் தெரியுமே, மெத்தை கம்பெனியில் புகார் கேட்கிற வேலை. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தமிழில், கன்னடத்தில், இந்தியில், இங்கிலீஷில் நாள் முழுக்கச் சொல்கிறேன். மெத்தை அமுங்கிவிட்டது என்று ஒரு அம்மா அழுதாள். எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. நான் இன்னும் அழவில்லை.

எங்கே தப்பு என்று மட்டும் எழுது.

மெர்சி


மடம்,
5 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

முதலில் தப்பை எழுதிவிடுகிறேன். அது சுலபம்.

நீ மாவை ராத்திரி முழுக்க வைத்தாயா? அது இட்லி மாவு இல்லை, அக்கா. பொங்காது. கலந்த உடனே கல்லில் விழ வேண்டும். வைத்தால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய்விடும். மிக்சியைக் கண்ணில் காட்டவே கூடாது. மாவு என்றால் கட்டி இருக்கக் கூடாது, ஊற வேண்டும், பொங்க வேண்டும் என்று நம் கைக்குப் பழகிவிட்டது. இதற்கு அதெல்லாம் விஷம். மாவும் பாலும் ஒன்றை ஒன்று தொட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து போ. கட்டி கட்டியாகத்தான் இருக்கும். கல்லில் அது தானாகச் சரியாகும்.

கோலார் சுரங்கத்தை மூடி நாம் விவேக் நகருக்குக் குடிவந்த முதல் வருஷம் அம்மாவும் இதையேதான் செய்தாளாம். டிரேவர் அங்கிளின் அம்மா அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, "கட்டி இருந்தா இருக்கட்டும் மரகதம், லீவ் இட்" என்றாராம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லி அம்மாவைக் கிண்டல் செய்வார், ஞாபகமிருக்கிறதா?

அந்தப் பேக்கிங் பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்து வெந்நீரில் போட்டுப் பார். நுரைத்தால் உயிர் இருக்கிறது. நுரைக்காவிட்டால் கொட்டிவிடு. டப்பாவை வைத்துக்கொள்.

இனி மற்றது.

அன்றைக்குக் காலை மதர் கூப்பிட்டுச் சொன்னார். போய் வரலாமா என்று கேட்டேன். இந்த மடத்தில் அந்த வழக்கமில்லை என்றார். அவருக்கே கண் கலங்கியிருந்தது. சரி மதர் என்றேன். இரண்டாம் முறை கேட்கவில்லை. திரும்பி வந்து மிச்சமிருந்த ஓஸ்தியை வட்டம் வட்டமாக வெட்டினேன். அன்றைக்கு ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. அழாதவள் நீ மட்டும் இல்லை, அக்கா.

அப்பா பொறுக்கச் சொன்னது உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நான் இங்கே வரக் கிளம்பிய அன்று, "கம்பிக்குப் பின்னாடி நிக்கிற பொண்ண நான் பாக்க வரமாட்டேன்" என்றாரே, நீயும் பக்கத்தில்தான் நின்றாய். சொன்னபடியே எட்டு வருஷமாக ஒருநாளும் பார்லருக்கு, அந்தக் கம்பி போட்ட சந்திப்பு அறைக்கு, வரவில்லை. அவர் என்னை வெறுத்துவிட்டார் என்றே வைத்துக்கொண்டு வாழ்ந்துவிட்டேன். அது ஒரு வகையில் சுலபமாக இருந்தது. இப்போது அவர் எனக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்கிறாய். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. மதர் படித்தால் படிக்கட்டும்.

சுழல் பெட்டியைக் கவனிக்கும் பெரிய சிஸ்டருக்கு உடம்பு சரியில்லை. இந்த வாரத்திலிருந்து மத்தியானங்களில் அங்கே நான்தான். விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது, எழுதவும் முடியாது, வந்தால் படிக்கவும் முடியாது. கேட்க வேண்டியது இருந்தால் அதற்குள் கேள்.

உதயா


விவேக் நகர்,
11 பிப்ரவரி

உதயா,

வெந்நீரில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை, அடியில் போய் உட்கார்ந்தது. சிங்கில் கொட்டித் தண்ணீர் திறந்துவிட்டேன். டப்பாவைக் கழுவி அதே இடத்தில் வைத்தேன். புதிதாக வாங்கியதை அதில் நிரப்பவில்லை. அது தனியாக இருக்கிறது.

கட்டியை விட்டுவிட்டு நகர்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த வீட்டில் எதையும் அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தவள் நீ. நான் ஒரு கட்டியைப் பார்த்தால் உடைக்காமல் இருந்ததில்லை. இரண்டு சுற்று கூடக் கலக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். பாதி எழும்பியது. டிரேவர் அங்கிள் இரண்டு தின்றுவிட்டு, "கெட்டிங் தேர், மெர்சி. உன் மம்மியோடது தலகாணி. இது குஷன்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய சர்டிபிகேட்.

அப்பா தின்னவில்லை.

உதயா, எனக்கு விளங்கவில்லை. அவர்தான் கேட்டார். சுடும்போது வந்து நிலைப்படியில் நிற்கிறார். தட்டில் வைத்தால் உட்காருவதில்லை. நேற்று ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விரலால் அமுக்கினார். சிவப்பு மூடி டப்பாவை எடுத்து வந்து அதற்குள் போட்டு மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தார். அமுங்கிப் போயிருந்தது. எடுத்துத் தட்டிலேயே வைத்துவிட்டார். "நல்லா இல்லையாப்பா?" என்றேன். "இன்னும் கொஞ்சம் எழும்பணும்" என்றார். வாயில் வைக்காமலே சொல்கிறார்.

அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். இல்லை என்றால் எனக்கு ஆகிவிட்டது. கோபமாவது வந்தால் தேவலை. உன் மேல் இருந்ததுகூட இப்போது எங்கே என்று தெரியவில்லை. உன் பழைய கடிதங்களை ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்துப் பிரித்துப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். யாரோ யாருக்கோ எழுதியதைப் படித்த மாதிரி இருந்தது.

உன் ஓஸ்தி ஒன்றுகூட உடையவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் மறுபடி படித்தேன். அது எனக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கு லீவு சொல்லிவிட்டேன். கேட்டாரே என்று ஒருதரம் செய்து கொடுக்கிறேன். தின்றாலும் சரி, தின்னாவிட்டாலும் சரி. அதோடு விட்டுவிடுகிறேன்.

மெர்சி


மடம்,
17 பிப்ரவரி, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. அடித்த பிறகு ஈஸ்டர் வரை பேனாவைத் தொடக்கூடாது. மதரிடம் கேட்டேன். "ஒரு பக்கம்" என்றார்.

மத்தியானம் சுழல் பெட்டியை யாரோ தட்டினார்கள். "இயேசுவுக்கே புகழ்" என்றேன். வெளியே இருப்பவர் "மரியே வாழ்க" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லை. ஓர் இருமல் மட்டும் வந்தது. சுரங்கத்துத் தூசி நெஞ்சில் இருக்கிறவர்களுக்கு வருமே, இரண்டு முறை இருமி, மூன்றாவதை உள்ளேயே விழுங்குகிற இருமல். அந்த இருமல் எனக்குத் தெரியும்.

பெட்டி சுழன்று வந்தது. உள்ளே அம்மாவின் சிவப்பு மூடி டப்பா. தொட்டால் இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

தேவைக்கு மேல் பேசக் கூடாது என்பது இங்கே விதி. "அப்பாவா?" என்று கேட்டுவிட்டேன். போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எழும்பிக்குதா பாரு. அக்கா செஞ்சது" என்றார்.

மூடியைத் திறந்தேன். "எழும்பியிருக்குப்பா" என்றேன். "செரி" என்றார். அவ்வளவுதான் பேசினோம், எட்டு வருஷத்துக்குச் சேர்த்து.

ஓஸ்தி வெட்டும்போது விழும் ஓரத்துண்டுகள் ஒரு பை நிறைய இருந்தன. டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்பினேன். மந்திரிக்காததுதான், சும்மா தின்னலாம். சின்ன வயதில் நீ கோவில் சிஸ்டரிடம் கெஞ்சி வாங்கித் தின்பாயே, அதுதான்.

பிறகு பெரிய சிஸ்டரின் படுக்கைக்குப் போய்க் கேட்டேன். நான் வந்த முதல் வருஷத்திலிருந்தே அந்தச் செவ்வாயன்று ஒரு பெரியவர் வருவாராம். புகழ் சொன்னால் பதில் சொல்ல மாட்டாராம். டப்பாவை வைத்துச் சுற்றிவிட்டு, காலி டப்பா வரும் வரை நின்று வாங்கிக்கொண்டு போவாராம். "ஊமைன்னு நெனச்சேன்" என்றார்.

மணி அடிக்கிறது, அக்கா. உள்ளே மெத்தென்று

உதயா


விவேக் நகர்,
18 பிப்ரவரி, விபூதிப் புதன்

உதயா,

இது ஈஸ்டர் வரை உன் மதர் மேசையில் கிடக்கும். கிடக்கட்டும். இன்றைக்கு எழுதாவிட்டால் எழுத மாட்டேன்.

நேற்று நடந்ததில் உனக்குத் தெரியாத பாதியைச் சொல்கிறேன். பாலை மாவில் விட்டுக் கலக்கினேன். கட்டி தெரிந்ததும் என் கை பழக்கதோஷத்தில் இன்னொரு சுற்று போகப் பார்த்தது. பின்னாலிருந்து அப்பா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "இருந்தா இருக்கட்டும் வுடு" என்றார். நுரையை மடித்தேன். கல்லில் ஊற்றி மூடிவிட்டுக் கரண்டியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் திறந்தது. மூடவில்லை. திருப்பினேன். இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சரியாக வந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

தட்டு போட்டேன். அப்பா உட்காரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் அடுக்கினார். கடைசி ஒன்றை மட்டும் தட்டில் வைத்து மூடினார். சலவைச் சட்டை போட்டார்.

"எங்கப்பா கெளம்பறீங்க?"

"சின்னதுக்குக் குடுத்துட்டு வரேன். ஆறிடப் போவுது."

நான் அவரையே பார்த்தேன். "வருஷா வருஷம் நீங்களா கொண்டு போனீங்க?"

"உங்கம்மாவால பஸ்ல ஏற முடியாதில்ல. இந்த வருஷம் செய்றதுக்கு ஆள் இல்லியேன்னுதான் உன்னக் கேட்டேன்."

"பாக்க வரமாட்டேன்னு சொன்னீங்களே."

"பாக்க மாட்டேன்னுதான் சொன்னேன். குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?"

இதுதான் விஷயம், உதயா. அவர் தின்பதற்காகக் கேட்கவே இல்லை. உனக்குக் கொண்டு போக ஒன்று வேண்டும் என்றுதான் கேட்டார். டப்பாவுக்குள் அமுங்காமல் கனகபுரா சாலை வரை வர வேண்டும், அதற்குத்தான் இன்னும் எழும்பணும் என்றார். நான் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று உனக்கு எழுதினேன்.

நானும் கூடப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் "எல்லி?" என்று கேட்டதும் யோசிக்காமல் ஸ்டாப் பெயரைச் சொன்னார். டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டே வந்தார்.

நீ "அப்பாவா" என்று கேட்டபோது நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. கோபத்தால் இல்லை. திறந்தால் என்ன வரும் என்று தெரியவில்லை. நீ "எழும்பியிருக்குப்பா" என்றதும் அவர் அந்தச் சுழல் பெட்டியின் மரத்தின் மேல் கையை வைத்தார். டப்பா திரும்பி வந்து, எடுத்துக்கொண்ட பிறகும் கை அங்கேயே இருந்தது. நான் கையை எடுக்கச் சொல்லவில்லை. அம்மாவின் பெட்டியை மூடும்போது பொறுத்தார்களே, அதைவிட அதிக நேரம் நின்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் ஓரத்துண்டுகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்தார். அவராகக் கை விட்டு எடுத்துத் தின்றார், உதயா.

இன்று காலை பூசைக்குப் போய் இருவரும் நெற்றியில் விபூதி வாங்கி வந்தோம். இன்றைக்கு ஒருசந்தி. மத்தியானம் ஒருவேளைதான். வழக்கம்போல அது எனக்குக் கஷ்டமே இல்லை என்று நினைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் ஏதோ செய்தது. வலி என்று நினைத்தேன். வலி இல்லை. பசி.

எனக்குப் பசிக்கிறது. அம்மா போனதிலிருந்து இன்றைக்குத்தான் பசிக்கிறது. பார்த்துப் பார்த்து விபூதிப் புதனன்று வந்திருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் எழுந்து போய், நேற்று மூடி வைத்த அந்த ஒரு பான்கேக்கைத் தட்டோடு கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "முட்ட போட்டதுப்பா, இன்னிக்கு ஆகாது" என்றேன். "சாப்புடு. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். நான் தின்று முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நடுவில் எனக்கு அழுகை வந்தது. வாயில் வைத்திருந்ததை விழுங்கிவிட்டு அழுதேன். அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

உப்பு கொஞ்சம் கம்மி, உதயா. அடுத்த வருஷம் மூன்று சிட்டிகை போடுகிறேன்.

அக்கா